தம்பியின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை

மேல்மலை அக்கா
அக்டோபர் 11, இரவு 10.40

வணக்கம். இதுவரை இங்கே படித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

எங்கள் ஊர் கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறைப் பக்கம். அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஐந்து வயது மகள் எல்லோரும் ஒரே வீடு. நான் கல்யாணமாகி வத்தலக்குண்டுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. கடந்த மார்ச் முதல் வாரம் தம்பி இறந்துவிட்டான். வயது 29. வியாழக்கிழமை வடுகபட்டிச் சந்தை. பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரவு 2 மணிக்கு வண்டியை எடுத்தான். டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில் கவிழ்ந்துவிட்டது. மகன் தனக்கு வைக்க வேண்டிய கொள்ளியை அப்பா மகனுக்கு வைத்தார்.

பதினாறு கும்பிட்டுப் பந்தல் பிரித்த நாளிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவன் பெயரைச் சொன்னதில்லை. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை. தானாக அப்படி ஆகிவிட்டது. அவன் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தது யார், அவன் செருப்பு எங்கே போனது, எதுவும் எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

அப்பா விடிவதற்கு முன் தோட்டத்துக்குப் போகிறார், இருட்டிய பிறகு திரும்புகிறார். சந்தைக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட்டார். அன்றைக்கு லோடு கொண்டுபோக வேண்டியவர் அவர்தான். முதுகு பிடித்துக்கொண்டது என்று தம்பியை அனுப்பினார். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, நாங்களும் சொன்னதில்லை. ஆனால் அம்மா சோறு போடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறார், நிமிர்ந்து ஒரு முகத்தையும் பார்ப்பதில்லை.

அடுப்படிக்கு மேலே, மூங்கில் கழியில் தம்பி கட்டித் தொங்கவிட்ட விதைப்பூண்டு ஆறு கட்டு இருக்கிறது. பிப்ரவரி அறுவடையில் பெரிது பெரிதாகப் பொறுக்கி, தண்டோடு சேர்த்துச் சணலால் கட்டிப் புகை படும் இடத்தில் மாட்டினான். எங்கள் மலைப்பூண்டைப் பாதுகாப்பது அப்படித்தான். புகை ஏறிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. இப்போது ஐப்பசி நடவு வந்துவிட்டது. அம்மா அந்தக் கட்டுகளைத் தொடவிடுவதில்லை. போன வாரம் அப்பா ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். அம்மா அடுப்பிலிருந்து எழுந்துவந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை இல்லை. அப்பா ஏணியை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இதற்கெல்லாம் மேலே குழந்தை. எடுத்துவந்த அன்று அவளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அப்பா சந்தைக்குப் போயிருக்கிறார்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. பிக்கப் வண்டி ஹாரன் கேட்டால் இன்னும் வாசலுக்கு ஓடுகிறாள். நேற்று என்னிடம், "அத்தை, சந்தை எத்தனை நாள் நடக்கும்?" என்று கேட்டாள். "முகம் கழுவலாம், வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

தம்பி மனைவிக்கு 25 வயது. மன்னவனூரில் அவள் அம்மா வீட்டில் வரச் சொல்கிறார்கள். போவதா இருப்பதா என்று அவள் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

யாரிடமிருந்து தொடங்குவது? பேச ஆரம்பித்தால் இப்போது இருக்கிற கொஞ்ச நிம்மதியும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கீழ்மலைக் காப்பி
அக்டோபர் 11, இரவு 11.25

தாண்டிக்குடியிலிருந்து எழுதுகிறேன் அம்மா. முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் தம்பியின் பெயர் என்ன? வீட்டில் சொல்ல முடியாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். நீங்கள் எழுதியது அத்தனையும் படித்தேன், பெயர் மட்டும் இல்லை.

என் மனைவி 2011-ல் போனாள். அதன் பிறகு ஒன்றரை வருடம் என் இரண்டு மகன்களும் அவள் பேச்சை என் முன்னால் எடுக்கவில்லை. அப்பா வருத்தப்படுவார் என்று அவர்கள் நினைத்தார்கள். பிள்ளைகள் அம்மாவை மறந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று அறையில் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தோம். காப்பிப் பழம் பறிக்கும்போது ஒருநாள் சின்னவன், "அம்மா இருந்தால் இந்தக் கிளையை வெட்டச் சொல்லியிருக்கும்" என்றான். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டேன். அன்று மாலைவரை அவளைப் பற்றியே பேசினோம்.

உங்கள் அப்பாவை எதிரே உட்காரவைத்துப் பேசாதீர்கள். எங்களைப் போன்ற ஆட்களுக்கு முகத்துக்கு நேரே வாய் வராது. பக்கத்துப் பாத்தியில் நீங்களும் களைக்கொத்தோடு குனியுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் திறக்கும்.

---

குன்னூர் செவிலி
அக்டோபர் 12, காலை 6.15

முப்பத்திரண்டு வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரியவர்களை விடுங்கள், அவர்கள் காத்திருப்பார்கள். குழந்தை காத்திருக்கக் கூடாது. அவளிடமிருந்து தொடங்குங்கள்.

ஐந்து வயதுக் குழந்தைக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்பது முழுதாகப் புரியாது. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் மெல்ல மெல்லத்தான் அது பிடிபடும். அதனால்தான் நாம் சொல்லும் மழுப்பல் அவர்களுக்கு அவ்வளவு கெடுதல். "தூங்குகிறார்" என்று சொன்னால் இரவில் தூங்கப் பயப்படுவார்கள். "சாமி கூப்பிட்டுக்கொண்டது" என்றால் சாமி மேல் கோபம் வரும், அடுத்து யாரைக் கூப்பிடும் என்ற பயமும் வரும். "சந்தைக்குப் போயிருக்கிறார்" என்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அப்பா வேண்டுமென்றே வராமல் இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். தான் ஏதோ குறும்பு செய்ததால்தான் வரவில்லை என்றுகூட அந்த வயதுக் குழந்தைகள் நினைப்பார்கள்.

"இறந்துவிட்டார்" என்ற சொல்லையே சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்: "அப்பாவின் வண்டி கவிழ்ந்துவிட்டது. உடம்பில் பலமாக அடிபட்டது. டாக்டரால்கூடச் சரிசெய்ய முடியவில்லை. அப்பா இறந்துவிட்டார். இறந்தால் மூச்சு நின்றுவிடும், வலிக்காது, பசிக்காது, திரும்பி வர முடியாது. உன்னால் எதுவும் ஆகவில்லை. நாங்கள் எல்லோரும் உன்னோடு இருக்கிறோம்." இதற்குமேல் வேண்டாம். முதலில் பொய் சொன்னதற்கும் மன்னிப்புக் கேளுங்கள். கேட்டால் குழந்தைக்குப் புரியும்.

அவளுடைய அம்மா சொல்வதுதான் சரி. அவளால் முடியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், அம்மா மடியில் உட்கார்ந்திருக்கட்டும். சொன்ன ஐந்தாவது நிமிடம் குழந்தை விளையாடப் போய்விடலாம். துக்கமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வயதில் அது மலைமழை மாதிரி, கொட்டும், வெறிக்கும், மறுபடி கொட்டும். அதே கேள்வியை நூறு முறை கேட்பாள். நூறு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

---

மேல்மலை அக்கா
அக்டோபர் 12, பகல் 2.05

அவன் பெயர் வேலு.

இதைத் தட்டச்சு செய்யக் கால் மணி நேரம் ஆனது. எனக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. பூம்பாறைக் குழந்தை வேலப்பரை வேண்டிப் பிறந்தவன் என்று அம்மா சொல்வார். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான், ஆனாலும் எங்கள் வீட்டு வேலு என்றால் தனி. கட்டு கட்டுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. சணலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து இழுப்பான். சந்தையில் அவன் கட்டை அவிழ்க்க அரிவாள்தான் வேண்டும் என்பார்கள்.

இந்தச் சனிக்கிழமை மேலே போகிறேன். தம்பி மனைவியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "நீங்கள் சொல்லுங்கள் மதினி, நான் வைத்துக்கொள்கிறேன்" என்றாள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள்.

---

பழனி அடிவாரம்
அக்டோபர் 12, இரவு 8.50

நான் மாற்றிச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். எழுபது வயதுக்காரன், எங்கள் பக்கத்தில் எத்தனையோ எழவு வீடு பார்த்தவன். எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட முடியாது. பெரியவர்கள் அதற்குத்தான் கணக்கு வைத்தார்கள். மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் காரியம், முதல் வருடம் பண்டிகை இல்லை, வருடம் திரும்பினால் திதி. அழுவதற்கு நாள் கொடுத்தார்கள், எழுந்திருப்பதற்கும் நாள் கொடுத்தார்கள். ஒப்பாரியில் பெண்கள் அத்தனையையும் கொட்டிவிடுவார்கள். இப்போது ஃப்ரீசர் பெட்டியும் ஒலிபெருக்கிப் பாட்டும் வந்தபிறகு யாரும் கட்டிப்பிடித்து அழுவதில்லை, எல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆறிவரும் புண்ணைக் கிளறாதீர்கள். தாயின் மனம் தானாக இறங்கிவரும். தை அமாவாசைக்கு அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையுங்கள், அம்மாவே பெயர் சொல்லி அழைப்பார். குழந்தைக்கும் வளர வளரத் தெரிந்துவிடும். மருமகள் ஒரு வருடமாவது அந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் இருப்பதுதான் முறை.

---

பண்ணைக்காட்டுப் பெண்
அக்டோபர் 12, இரவு 10.30

ஐயா சொன்னதில் முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். கடைசி வரியை ஏற்கமாட்டேன்.

எனக்கு 27 வயதில் அவர் போய்விட்டார். ஆறு வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் விடியற்காலையில் என்னை உட்காரவைத்துப் பூ வைத்து, வளையல் அடுக்கி, பொட்டு வைத்து, அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரப் பெண்கள். ஒருவருக்கும் என் மேல் பகை கிடையாது, எல்லோரும் அழுதுகொண்டேதான் செய்தார்கள். அவர் இறந்தது ஒரு நாள். நான் அந்த வீட்டுக்கு ஆகாதவள் ஆனது இன்னொரு நாள். இரண்டையும் ஒன்றாகச் சுமக்க முடியவில்லை. பொட்டைச் சின்ன வயதிலிருந்து நானேதான் வைத்துக்கொண்டேன், தாலியோடு வந்தது இல்லை. மறுவருடம் மகள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வைத்துக்கொண்டு போனேன். என் மாமியார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மல்லிகைச் சரத்தைக் கையில் கொடுத்தார்.

மேல்மலை அக்கா, உங்கள் தம்பி மனைவியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். மன்னவனூர் போவதா வேண்டாமா என்று அவளையே கேளுங்கள். போனால் துரோகம், இருந்தால் பாரம் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். "எங்கே இருந்தாலும் நீ எங்கள் வீட்டுப் பெண்" என்று உங்கள் அம்மா வாயிலிருந்து வர வேண்டும்.

இன்னொன்று, காகித வேலை. துக்கத்தோடு காகிதம் எதற்கு என்று என்னிடம் சொன்னார்கள், அதனால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும், அது முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி உங்கள் தம்பி பெயரில் இருந்ததா? அப்படியென்றால் வண்டி இன்சூரன்ஸைத் தேடி எடுங்கள். வண்டி உரிமையாளரே ஓட்டிச்சென்று இறந்தால் அதற்கென்று 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. அது பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் இது தெரியாமலே போய்விடுகிறது. அவன் கடைசியாகத் தன் மகளுக்கு விட்டுப்போனது அதுவாக இருக்கலாம்.

---

கூக்கால் விவசாயி
அக்டோபர் 13, காலை 5.40

துக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. பூண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் மணத்தையும் காரத்தையும் பேசினார்கள். விதையைப் பற்றி யாரும் பேசவில்லை. பூண்டுக்கு வேறு விதை கிடையாது, பல்லே விதை. போன வருடத்துப் பூண்டிலிருந்துதான் இந்த வருடத்துப் பூண்டு. ஒரு பட்டம் நடாமல் விட்டால் அந்த வீட்டு விதை அதோடு போய்விடும். அப்புறம் கடன் சொல்லி வாங்கித்தான் நட வேண்டும்.

பிப்ரவரியில் கட்டியது என்றால் எட்டு மாதம் ஆகிவிட்டது. புகையில் இருந்தாலும் இனி தாங்காது. ஒன்று முளை விடும், இல்லையென்றால் பல் சுருங்கி உள்ளே வெறும் தோலாகிவிடும். நவம்பருக்குள் நட்டால் பிப்ரவரி, மார்ச்சில் எடுக்கலாம். உங்கள் அம்மாவும் பூண்டுக்காரக் குடும்பம், இது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் விடவில்லை என்றால் விதை மீது ஆசை இல்லை, அந்தக் கட்டு மீது ஆசை. கட்டை அவிழ்க்க வேண்டியவர் அவர்தான். வேறு யார் தொட்டாலும் பிடுங்குவது மாதிரி இருக்கும்.

---

பந்தலூர் பேரன்
அக்டோபர் 13, இரவு 9.10

எங்கள் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் அதில் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம். தாயகம் திரும்பியோர் என்று காகிதத்தில் எழுதினார்கள். பாட்டிக்குத் தாயகம் இலங்கையில் ஹட்டன் பக்கத்து லயன்தான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு. அவருடைய மூத்த மகளை, மூன்று வயதுக் குழந்தையை, அங்கே தேயிலைச் செடிகளுக்கு நடுவே புதைத்துவிட்டு வந்திருந்தார். கப்பல் ஏறினால் இனி அந்தக் குழியைப் பார்க்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த அத்தையின் பெயர் எங்கள் வீட்டில் தினமும் கேட்டது. பாட்டி காலையில் சாயத்தண்ணீர், அதாவது பால் இல்லாத தேநீர், ஊற்றும்போது ஒரு சின்னக் குவளையில் ஒரு வாய் ஊற்றி அவள் பெயரைச் சொல்லி அடுப்புத் திண்ணையில் வைப்பார். பிறகு எங்களில் யார் முதலில் எழுந்தோமோ அவர்களுக்கு அது. நாங்கள் சண்டை போட்டுக் குடிப்போம். எனக்குப் பார்த்தே இராத அத்தையைத் தெரியும், அவளுக்கு இடது காதில் மச்சம் இருந்தது என்றும் தெரியும். பாட்டி அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. 2014-ல் தன் 83-வது வயதில் இறந்தார். இப்போது என் அம்மா இரண்டு குவளை வைக்கிறார்.

நீங்கள் பயப்படுவது மாதிரி பெயரைச் சொல்வதால் வீடு இடிந்துவிடாது அக்கா. ஐம்பது வருடம் எங்கள் வீடு அந்தப் பெயரோடுதான் நடந்தது.

---

மேல்மலை அக்கா
அக்டோபர் 19, இரவு 11.50

நேற்று குழந்தையிடம் சொல்லிவிட்டோம்.

செவிலி அம்மா எழுதியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன், பாதியில் தாளைப் பார்க்க முடியவில்லை. தம்பி மனைவி குழந்தையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். "இறந்துவிட்டார்" என்று சொன்னபோது குழந்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினாள். குழந்தை கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ நான் குச்சி ஐஸ் கேட்டதால் வரலையா?" என்றாள். அவன் புறப்பட்ட இரவு அவள் முழித்துக்கொண்டு ஐஸ் வாங்கிவரச் சொன்னாளாம். ஏழு மாதம் இந்தக் குழந்தை அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மாதான் இன்னும் அப்படியே இருக்கிறார். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், துக்கத்துக்கு ஐந்து நிலை உண்டு, உங்கள் அம்மா இழப்பையே மறுக்கிற முதல் நிலையிலேயே நின்றுவிட்டார், அது நோய் என்கிறார். உண்மையா?

---

குன்னூர் செவிலி
அக்டோபர் 20, காலை 6.30

குழந்தை அந்த ஐஸ் பேச்சை மறுபடி எடுப்பாள். ஒவ்வொரு முறையும் "இல்லை, உன்னால் இல்லை" என்று சொல்லுங்கள். நீங்கள் மிகப் பெரிய காரியம் செய்திருக்கிறீர்கள்.

அந்த ஐந்து நிலைகளை 1969-ல் சொன்னவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர். அவர் கவனித்தது சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த நோயாளிகளை. பறிகொடுத்தவர்கள் எல்லோரும் படி ஏறுவது மாதிரி அந்த வரிசையில்தான் போவார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது நான் பார்த்த குடும்பங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. மனது இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், பிழைப்பின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய்வரும், இரண்டும் வேண்டும் என்கிறார்கள். உங்கள் அப்பா பிழைப்பின் பக்கமே நிற்கிறார், அம்மா இழப்பின் பக்கமே இருக்கிறார். அதனால்தான் ஏணிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

நோயா என்றால், அப்படியும் ஒன்று இருக்கிறது. நீடித்த துக்கக் கோளாறு என்று 2022 முதல் மருத்துவர்களின் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதத்துக்குமேல் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறார்கள். நாளை மட்டும் எண்ணி முடிவுகட்டக் கூடாது. அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, குளிக்கிறாரா, பேத்தியைக் கொஞ்சுகிறாரா என்று பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு முறை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். என் கவலையெல்லாம் உங்கள் அப்பாவைப் பற்றித்தான். அழுகிற ஆளை எல்லோரும் பார்க்கிறோம், வேலை செய்கிற ஆளை விட்டுவிடுகிறோம்.

---

கோத்தகிரி ஹட்டி
அக்டோபர் 20, இரவு 9.45

அப்பாவைப் பற்றிச் செவிலி அம்மா சொன்னதால் எழுதுகிறேன். நான் படுகர் வீட்டுப் பையன். எங்கள் பழைய வழக்கத்தில் சாவு அன்று ஒரு பெரியவர் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். எல்லைக் கல்லை நகர்த்தியது, பசித்து வந்தவரை விரட்டியது, உறவில் பகை மூட்டியது என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "பாவம்" என்று பதில் சொல்லும். ஆயிரத்து முந்நூறு பாவம் செய்திருந்தாலும் அத்தனையும் நீங்கி வழி திறக்கட்டும் என்று முடியும்.

என் அப்பா குடிப்பார், அடிப்பார். அவர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அதுவே எனக்குக் குற்றமாக இருந்தது. எங்கள் தாத்தா ஒருவர் இந்த வழக்கத்தைச் சொல்லித்தான் எனக்குப் புரியவைத்தார். செத்தவர் தப்புச் செய்தவர்தான் என்று ஊர் கூடிச் சொன்ன பிறகுதான் மன்னிப்பு வருகிறது, மூடிவைத்துவிட்டு மன்னிக்க முடியாது என்றார்.

உங்கள் அப்பா விஷயத்தில் பாவம் என்று ஒன்றும் இல்லை. முதுகு வலிக்குப் படுத்தது பாவமா? ஆனால் அவர் தன்னைப் பாவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "நீங்கள் ஒன்றும் செய்யவில்லை அப்பா" என்று எடுத்தவுடன் சொல்லிவிடாதீர்கள். முதலில் அவர் சொல்லட்டும், அதை நீங்கள் கேளுங்கள். கேட்க ஆள் இல்லாததால்தான் அது உள்ளேயே கிடக்கிறது.

---

மேல்மலை அக்கா
நவம்பர் 9, இரவு 10.15

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஒரு வாரம் லீவு போட்டு மேலேயே இருந்தேன்.

தாண்டிக்குடி ஐயா சொன்னபடி அப்பாவோடு களைக்கொத்து எடுத்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு நாள் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் மூடுபனி, பக்கத்துப் பாத்தி தெரியவில்லை. அப்பா குரல் மட்டும் வந்தது. "வலி அவ்வளவு இல்லை. போயிருக்கலாம்." கோத்தகிரித் தம்பி எழுதியது மனதில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அவர் அரை மணி நேரம் பேசினார். கொத்துகிற சத்தம் ஒரு முறைகூட நிற்கவில்லை. கடைசியில், "நான் போயிருந்தால் இந்தப் பிள்ளைக்கு அப்பன் இருந்திருப்பான்" என்றார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சமாதானமாக ஒரு வார்த்தைகூட வரவில்லை எனக்கு. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், மண் ஒட்டிய கை.

பூண்டுக்கு வருகிறேன். அம்மாவிடம் நான் எதையும் வற்புறுத்தவில்லை. கூக்கால்காரர் எழுதியதை மட்டும் வாசித்துக் காட்டினேன், விதை அதோடு போய்விடும் என்ற இடம் வரை. அம்மா பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் ஏணி சாய்ந்திருக்கிறது, ஒரு கட்டு கீழே தரையில் இருக்கிறது, அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து முடிச்சோடு மல்லுக்கு நிற்கிறார். நகத்தால் பார்த்தார், கரண்டிக் காம்பால் பார்த்தார். அவிழவில்லை. நான் அரிவாளை நீட்டினேன். "அறுக்காதே" என்றார். திடீரென்று கோபம் வந்துவிட்டது அவருக்கு. "எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் வேலு, இப்படி இறுக்கிக் கட்டாதே, அவிழ்க்கிறவள் கையைப் பாருடா என்று!"

அடுப்படியில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். குழந்தை மட்டும், "அப்பா பல்லால் கடித்துக் கட்டுவார் அப்பத்தா, நீங்களும் கடியுங்கள்" என்றாள். அம்மா உண்மையிலேயே குனிந்து கடித்தார். கடித்தபடியே அழ ஆரம்பித்தார், சத்தம் போட்டு, பதினாறு நாளில் அழாத அழுகை. தம்பி மனைவி போய்க் கட்டிக்கொண்டாள். முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஐந்து கட்டு நட்டோம். பல் உடைப்பது அம்மாவும் மருமகளும், நடுவது அப்பாவும் நானும். சில பல் சுருங்கித்தான் போயிருந்தது, முக்கால்வாசி நன்றாக இருந்தது. ஆறாவது கட்டு மேலேயே தொங்குகிறது. அதை யாரும் கேட்கவில்லை.

பழனி ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தை அமாவாசைப் படையலை அம்மாவிடம் சொன்னேன், சரி என்றார். அவனுக்கு எருமைத் தயிரும் பூண்டுத் துவையலும் பிடிக்கும், அதைத்தான் வைக்க வேண்டும் என்கிறார். ஆனால் தம்பி மனைவி இப்போது மன்னவனூரில் இருக்கிறாள். அவளாகவே கேட்டுப் போனாள், பத்து நாள் இருந்துவிட்டு வருவதாக. பஸ் ஏறும்போது அம்மா குங்குமச் சிமிழை அவள் பையில் வைத்தார். அவள் வைத்துக்கொள்வாளா என்று எனக்குத் தெரியாது, அது அவள் இஷ்டம்.

குழந்தை ஹாரன் கேட்டால் இப்போதும் நிமிர்ந்து பார்க்கிறாள். ஓடுவதில்லை.

பண்ணைக்காட்டுச் சகோதரி, வண்டி அவன் பெயரில்தான் இருந்தது. பாலிசிக் காகிதத்தை நாங்கள் எங்கெங்கோ தேடினோம். அப்பா தலையணை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், ஆர்சி புத்தகத்தோடும் வேலுவின் லைசென்ஸோடும். நீங்கள் சொன்ன 15 லட்சம் அதில் இருக்கிறது. திங்கட்கிழமை திண்டுக்கல் போக வேண்டும். நான் கூட வருகிறேன் என்றேன். அப்பா தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். மார்ச்சுக்குப் பிறகு அவர் அந்தப் பாதையில் இறங்கப்போவது இதுதான் முதல் முறை. ஜன்னலோர சீட்டு வேண்டாம், உள்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்.